வேலை வண்டிக்கு எச்சரிக்கை விளக்கு: வாங்கும் முன் எந்த வரிசையில் யோசிப்பது?

முதல்முறையாக டிப்பரோ ஜேசிபியோ வாங்கியவர்களும், ஒப்பந்ததாரரிடம் வண்டிகளுக்குப் பொறுப்பாகச் சேர்ந்தவர்களும் கடையில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "நல்லா பளிச்சுனு தெரியற லைட்டா ஒண்ணு குடுங்க." கடைக்காரரும் இருப்பதிலேயே வேகமாக மின்னுவதை எடுத்துக் கொடுப்பார். வண்டியில் மாட்டியதும் பார்க்க அட்டகாசமாகத்தான் இருக்கும். ஆனால் ஜேசிபியின் பின்பக்கக் கை அதை மறைக்கிறதா, இரவில் எதிரே வருபவரின் கண்ணைக் கூசுகிறதா, டிப்பரின் பெட்டி தூக்கியதும் பின்னால் வருபவருக்குத் தெரிகிறதா என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

எவ்வளவு வெளிச்சம் என்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். உங்கள் வண்டியை யார், எந்தப் பக்கத்திலிருந்து, என்ன வேகத்தில் நெருங்குகிறார்கள் என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் நிறம், வகை, இடம், எண்ணிக்கை எல்லாம் ஒவ்வொன்றாக முடிவாகிவிடும்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கும். முன்னால் இருப்பதைப் பார்த்து, ஓட்டுநருக்குப் புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் இரண்டரை வினாடி போகும் என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கு வைக்கிறார்கள். அதிலேயே 55 மீட்டர் போய்விட்டது. அதற்கு மேல்தான் வண்டி நிற்க ஆகும் தூரம். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற அமைப்பின் வடிவமைப்புக் கணக்கில், 80 கிலோமீட்டர் வேகத்தில் பார்த்து நிறுத்த 120 மீட்டர் வேண்டும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 180 மீட்டர்.

ஆகவே நான்குவழிச் சாலை ஓரத்தில் நின்று வேலை செய்யும் வண்டியின் விளக்கு, குறைந்தது 200 மீட்டர் தள்ளி வருபவருக்கு "அங்கே ஏதோ நிற்கிறது" என்று சொல்லியாக வேண்டும். ஊருக்குள் 30 கிலோமீட்டரில் போகும் குப்பை வண்டிக்கு இவ்வளவு வீச்சு தேவையில்லை. அங்கே விளக்கு கண்ணைக் கூசாமல் இருப்பதுதான் முக்கியம். கிடங்குக்குள் ஓடும் ஃபோர்க்லிஃப்ட் கதையே வேறு. மூலை திரும்புவதற்கு முன்னால், நடந்து வருபவருக்கு ஐந்து மீட்டர் தூரத்தில் தெரிந்தால் போதும்.

ஒரு தாளை எடுத்து உங்கள் வண்டியின் வேலையை எழுதுங்கள். சாலையில் மெதுவாகப் போவதா, சாலையில் நிற்பதா, வளாகத்துக்குள்ளேயே சுற்றுவதா? பகலிலா, இரவிலா? வண்டியைச் சுற்றி ஆட்கள் கால்நடையாக நின்று வேலை செய்வார்களா? பாதி முடிவு இந்தத் தாளிலேயே கிடைத்துவிடும்.

நிறத்தில் விளையாட வேண்டாம்

நம் நாட்டில் நிறத்தை நம் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்க முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-ல் விதி 108 இதைத்தான் சொல்கிறது. வண்டியின் முன்பக்கம் சிவப்பு வெளிச்சம் தெரியக் கூடாது. பின்பக்கம் சிவப்பைத் தவிர வேறு நிறம் தெரியக் கூடாது. இண்டிகேட்டரின் மஞ்சள், ரிவர்ஸ் எடுக்கும்போது எரியும் வெள்ளை, டிராக்டரில் உழவுக் கருவியைப் பார்க்க வைக்கும் விளக்கு போன்றவை விதிவிலக்கு. சிவப்பு சுழல்விளக்கை முக்கியப் பிரமுகர்களின் கார்களிலிருந்தே 2017 மே 1 முதல் எடுத்துவிட்டார்கள். சிவப்பு, நீலம், வெள்ளை கலந்து மின்னுவது தீயணைப்பு, காவல், பேரிடர் மீட்பு போன்ற அவசரப் பணிகளுக்கு உரியது. ஆம்புலன்ஸுக்கும் தனி விதி உண்டு.

வேலை வண்டிக்கு உரியது ஆம்பர், அதாவது இண்டிகேட்டரின் ஆரஞ்சு கலந்த மஞ்சள். "ஜாக்கிரதை, மெதுவாக வா" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்வதில்லை. வழிவிடு என்று கேட்கும் உரிமை அதற்குக் கிடையாது. சில டிப்பர்களிலும் ரெக்கவரி வண்டிகளிலும் நீலமும் சிவப்பும் மின்னுவதைப் பார்க்கிறேன். இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் பழக்கம். சாலையில் நீலமும் சிவப்பும் மலிந்துபோனால், உயிருக்குப் போராடுபவரை ஏற்றி வரும் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கும் பழக்கம் மக்களிடம் தேய்ந்துவிடும்.

சாலைக்கு வரும் வண்டியில் கூடுதல் விளக்கு, குறிப்பாகப் பின்பக்கம் ஆம்பர், பொருத்துவதற்கு முன், உங்கள் வகை வண்டிக்கு என்ன அனுமதி என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுவிடுங்கள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) போகும்போது கழற்று என்று சொல்லிவிட்டால் துளை போட்ட கூரைதான் மிஞ்சும்.

வண்டிவாரியாகப் பார்ப்போம்

ஜேசிபி மாதிரி பேக்ஹோ வண்டியில் கேபின் கூரைதான் விளக்குக்கு இயல்பான இடம். ஆனால் பின்கை மடங்கி நிற்கும்போது, நேர் பின்னால் வருபவருக்குக் கூரை நடுவில் இருக்கும் விளக்கு மறைந்துவிடலாம். அதனால் கூரையின் பின் மூலைகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு வைப்பது நல்லது. ஒன்று மறைந்தாலும் மற்றது தெரியும். பொக்லைன் சாலையில் ஓடுவதில்லை, லோபெட் என்ற தாழ்தள டிரெய்லரில் ஏறித்தான் வரும். அதற்கு விளக்கு தேவைப்படுவது களத்தில், பின்பக்கம் சமநிலைக்காக இருக்கும் கனமான எடைப்பாறை சுழலும்போது பின்னால் யாரும் வந்துவிடாமல் இருக்க. எனவே விளக்கு எடைப்பாறைப் பக்கம் தெரிய வேண்டும். ஏற்றிச் செல்லும் லோபெட்டுக்குத் தனியாக வேண்டும்: முன்னால் கேபின் மேல் ஒன்று, பின்னால் அகலத்தின் இரு ஓரங்களிலும் ஒவ்வொன்று. அகலமான சுமை எங்கே முடிகிறது என்பது இரவில் தெரியவே தெரியாது. அதைக் காட்டத்தான் ஓரத்து விளக்குகள்.

டிப்பரில் எல்லோரும் கேபின் மேல் ஒன்றைப் பொருத்திவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். பெட்டி நிறைய ஜல்லி இருந்தால் பின்னால் வருபவருக்கு அது தெரியாது. பெட்டி தூக்கினால் சுத்தமாகத் தெரியாது. டிப்பர் ஆபத்தாக மாறுவதே சாலையோரம் பின்னோக்கி வந்து கொட்டும் அந்தச் சில நிமிடங்களில்தான். பின் சேசிஸில், டெயில் லைட்டுக்குச் சற்று மேலே, சேறு அதிகம் அடிக்காத இடத்தில் திசை நோக்கி மின்னும் தட்டை விளக்கு இரண்டு போடுங்கள். முடிந்தால் பெட்டி தூக்கும் பி.டி.ஓ. சுவிட்சோடு இணைத்துவிடுங்கள், ஓட்டுநர் மறந்தாலும் எரியும். கான்கிரீட் கொண்டுபோகும் ரெடிமிக்ஸ் வண்டிக்கும் இதே யோசனைதான், அங்கே மறைப்பது டிரம்.

டிராக்டர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 25 கிலோமீட்டரில் போகும் டிராக்டரை 80 கிலோமீட்டரில் வரும் கார் நெருங்கும்போது, இடைவெளி வினாடிக்கு 15 மீட்டர் குறைகிறது. நூறு மீட்டர் தள்ளிப் பார்த்தால்கூட ஆறேழு வினாடிதான் இருக்கிறது. அதிலும் கரும்பு ஏற்றிய டிரெய்லர் என்றால், தோகையும் தடியும் பின்னால் தொங்கி டெயில் லைட்டை மூடிவிடும். டிராக்டரின் மேல் எவ்வளவு நல்ல ஆம்பர் விளக்கு போட்டாலும் கரும்புச் சுமைக்குப் பின்னால் அது தெரியாது. எனவே சுமையின் கடைசி நுனியில் கழற்றி மாட்டும்படி ஒரு பலகை தயார் செய்யுங்கள்: சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒட்டி, பேட்டரியிலோ சோலாரிலோ மின்னும் சிவப்பு விளக்கு வைத்தது. சுமை ஏற்றி முடித்ததும் கட்டுவது, ஆலையில் இறக்கும்போது கழற்றுவது. ஆம்பர் விளக்கு டிராக்டரின் நிழற்கூரை மேலோ, கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டத்தின் மேலோ இருக்கட்டும், எதிரே வருபவருக்காக. கதிர் அறுக்கும் வண்டிக்கு முன்னால் இருக்கும் வெட்டுப்பகுதி எதிர் வழித்தடம்வரை நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு வயலிலிருந்து அடுத்த ஊருக்குப் போகும்போது அதன் இரு முனைகளிலும் மின்னும் விளக்கு வேண்டும். தை மாதம் டெல்டாவில் விடியற்காலைப் பனியில் இவை சாலையில் ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து நாடெங்கும் போகும் போர்வெல் ரிக் வண்டிகளில் இரண்டு சிக்கல்கள். துளையிடும்போது எழும் கல்தூசி ஒரு மணி நேரத்தில் விளக்கின் கண்ணாடியை மூடிவிடும். அதனால் வழவழப்பான, துடைக்க எளிதான மூடி உள்ளதாக வாங்குங்கள். வரிவரியாகப் பள்ளம் உள்ள மூடி வேண்டாம். இரண்டாவது, இரவு வேலைக்குப் போடும் ஃபோகஸ் விளக்குகள். அவை சாலையைப் பார்த்துத் திரும்பியிருந்தால், எச்சரிக்கை விளக்கு எத்தனை இருந்தும் பயனில்லை. வருபவருக்குக் கண்ணே தெரியாது. வேலை விளக்குகளைத் தரையைப் பார்த்துச் சாய்ப்பதும் எச்சரிக்கை ஏற்பாட்டில் ஒரு பகுதிதான். கூடவே வரும் கம்ப்ரஸர் லாரியையும் மறந்துவிடாதீர்கள். சாலைப் பக்கம் நிற்பது பெரும்பாலும் அதுதான்.

குப்பை அள்ளும் காம்பாக்டரில் ஆட்கள் பின்னால் தொங்கிக்கொண்டும் இறங்கி ஏறிக்கொண்டும் இருப்பார்கள். அவர்கள் தலைமட்டத்தில் பளீரென மின்னும் விளக்கு வைத்தால் அவர்கள் கண்தான் முதலில் கூசும். பின்பக்க உச்சியில் ஆம்பர் விளக்கை வைத்து, ஆட்கள் நிற்கும் இடத்துக்குக் கீழ்நோக்கிய நிலையான வெள்ளை வெளிச்சம் கொடுங்கள். மின்னுவது வண்டி இருப்பதை மட்டும் காட்டும். மனிதர் இருப்பதைக் காட்டுவது அந்த நிலையான வெளிச்சமும் அவர் போட்டிருக்கும் ரிஃப்ளெக்டர் சட்டையும்தான். தெருவிளக்கு பழுது பார்க்கும் ஸ்கை லிஃப்ட் வண்டிக்கும் இது பொருந்தும்.

ரெக்கவரி வண்டி வேறு வண்டியை இழுத்துச் செல்லும்போது அதன் பின்விளக்குகள் எல்லாம் மறைந்துபோகும். காந்தத்தில் ஒட்டும், பேட்டரியில் எரியும் பின்விளக்கு ஒரு ஜோடி எப்போதும் பெட்டியில் இருக்க வேண்டும். ஏற்றும்போது வண்டி சில சமயம் சாலையில் குறுக்காக நிற்கும் என்பதால், பக்கவாட்டிலும் விளக்கு வேண்டும். நெடுஞ்சாலையில் கோன்களை எந்த இடைவெளியில் வைப்பது, வழியை எப்படிக் குறுக்குவது என்பதற்கெல்லாம் இந்தியச் சாலைக் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி இருக்கிறது. சாலைப் பராமரிப்பு ஒப்பந்தம் எடுப்பவர்கள் அதைப் படித்தே ஆக வேண்டும்.

வளாகத்துக்குள் ஓடும் வண்டிகளைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஃபோர்க்லிஃப்டுக்கு, செல்லும் திசையில் தரையில் நீலப் புள்ளி விழச் செய்யும் விளக்கு நல்லது. அலமாரி மூலையில் வண்டிக்கு முன்பே புள்ளி வந்துவிடும். இதைச் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது. மின்சார ஃபோர்க்லிஃப்டில் 24, 48, 80 வோல்ட் என்று பலவகை உண்டு. 12 வோல்ட் விளக்கை நேராகக் கொடுத்தால் அப்போதே போய்விடும். விமான நிலைய ஓடுதளப் பகுதிக்குள் போகும் வண்டியென்றால் உங்கள் ரசனைக்கு இடமே இல்லை. சேவை வண்டிக்கு மஞ்சள், அவசர, பாதுகாப்பு வண்டிக்கு நீலம், நிமிடத்துக்கு 60 முதல் 90 முறை மின்னல் என்று சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி இருக்கிறது. நிலைய நிர்வாகம் கொடுக்கும் குறிப்பை அப்படியே கடைக்காரரிடம் காட்டுங்கள்.

விளக்கின் வகையும் அதன் முத்திரையும்

பழைய சுழல்விளக்கில் 55 வாட் ஹாலஜன் பல்பைச் சுற்றி ஒரு கண்ணாடி மோட்டாரில் சுழலும். வெளிச்சம் வீசிச் செல்வதால், பார்ப்பவருக்குத் தூரம் பிடிபடும். இது அதன் நல்ல குணம். ஆனால் குண்டும் குழியுமான சாலையில் பல்பின் இழை அறுந்துவிடும், மோட்டார் தேய்ந்துவிடும். ஸெனான் வாயுக் குழாயில் பளிச்சிடும் ஸ்ட்ரோப் விளக்கு இப்போது குறைந்துவிட்டது. இன்று வாங்குவதென்றால் எல்.இ.டி.தான். 15, 20 வாட்டில் வேலை முடியும், அசைவைத் தாங்கும்.

எல்.இ.டி.யில் ஒரு தொல்லை, பத்து இருபது மின்னல் முறைகள் தந்திருப்பார்கள். ஓட்டுநர்கள் படபடவென்று அடிக்கும் வேகமானதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள். இரவில் அது வருபவரைத் திணறடிக்கும்; வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணிக்க விடாது. வினாடிக்கு இரண்டு மின்னல் போல நிதானமாக, ஒவ்வொன்றும் சற்று நீளமாக இருப்பதே நல்லது.

பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்பாமல் விளக்கின் உடலில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஐ.நா.வின் ஆர்65 தரத்தில் தேறிய விளக்கில் வட்டத்துக்குள் ஈ என்ற ஆங்கில எழுத்தும், பக்கத்தில் டி.ஏ.1 அல்லது டி.ஏ.2 போன்ற குறியும் இருக்கும். டி என்றால் சுற்றிலும் தெரிவது, ஏ என்றால் ஆம்பர். முதல் எழுத்து எக்ஸ் என்றால் ஒரு திசையில் மட்டும் தெரிவது. கடைசி எண் 2 என்றால் பகலுக்கும் இரவுக்கும் தனித்தனி வெளிச்ச அளவு உண்டு. இரவு வேலைக்கு அந்த 2-ஐத் தேடி வாங்குங்கள், கொடுக்கும் பணம் வீண் போகாது. இந்தத் தரத்தில் மின்னல் வினாடிக்கு 2 முதல் 4 முறைக்குள் இருக்க வேண்டும். அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. ஜே845 தரத்தில் வகுப்பு 1 அவசர வண்டிகளுக்கானது, வகுப்பு 2 எச்சரிக்கைக்கு, வகுப்பு 3 அடையாளத்துக்கு மட்டும். வகுப்பு 3-ஐ நெடுஞ்சாலை வேலைக்கு வாங்கிவிடாதீர்கள்.

அப்புறம் தண்ணீர். ஐ.பி. என்பது தூசியும் தண்ணீரும் புகாமையைக் காட்டும் குறி. ஐ.பி.67 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் முழுகினாலும் உள்ளே போகாது. மழைக்கு இது தாராளம். ஆனால் குப்பை வண்டியையும் ரெடிமிக்ஸ் வண்டியையும் உயர் அழுத்தத் தண்ணீர் பீய்ச்சித்தான் கழுவுவார்கள். அவற்றுக்கு ஐ.பி.69கே என்று இருக்க வேண்டும்.

பொருத்தும்போது

வண்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று முதலில் மல்டிமீட்டரில் பாருங்கள். என்ஜின் ஓடும்போது 14-ஐ ஒட்டிக் காட்டினால் 12 வோல்ட் வண்டி, 28-ஐ ஒட்டிக் காட்டினால் 24 வோல்ட் வண்டி. பெரிய லாரிகளில் இரண்டு பேட்டரிகளைத் தொடராக இணைத்து 24 ஆக்கியிருப்பார்கள். அதில் ஒரு பேட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து விளக்குக்குக் கொடுப்பவர்கள் உண்டு. ஒரு பேட்டரி எப்போதும் குறையாகவும் மற்றது அதிகமாகவும் சார்ஜ் ஆகி, இரண்டுமே சீக்கிரம் போய்விடும். 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் விளக்கை வாங்கினால் இந்தப் பேச்சே வராது.

20 வாட் விளக்கு 12 வோல்ட்டில் 1.7 ஆம்பியர் இழுக்கும். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். 100 வாட் லைட் பார் 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு ரிலே வேண்டும், 10 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயரும் வேண்டும். ஃபியூஸை விளக்குப் பக்கம் வைத்துப் பயனில்லை. பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருந்தால்தான், நடுவில் வயர் உரசி ஷார்ட் ஆனாலும் தீப்பிடிக்காமல் காக்கும். எர்த் கொடுக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டி, நட்டு இறுக்கி, கிரீஸ் தடவுங்கள். விளக்கு மங்கலாகவோ விட்டுவிட்டோ எரிந்தால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும். கேபினுக்குள் சுவிட்சில் ஒரு சின்னப் பைலட் விளக்கு இருக்கட்டும். மேலே எரிகிறதா என்று ஓட்டுநர் இறங்கிப் பார்க்க முடியாது.

காந்த அடி விளக்கு அவசரத்துக்கு உதவும், ஆனால் ஃபைபர் கூரையிலும் அலுமினியத்திலும் ஒட்டாது. நெடுஞ்சாலை வேகத்தில் போகும் வண்டிக்கு போல்ட் போட்டு இறுக்கியதுதான் நம்பகமானது. மாட்டிய பிறகு தரையிலிருந்து விளக்கின் உச்சிவரை அளந்து, அந்த உயரத்தைக் கேபினில் எழுதி ஒட்டுங்கள். ரயில்வே சுரங்கப்பாதையிலும் உயரத் தடுப்புக் கம்பியிலும் முதலில் இடிபடுவது விளக்குதான்.

பேட்டரி செத்துப்போனாலும் வேலை செய்வது ஒளிதிருப்பும் டேப் மட்டுமே. லாரிக்கு முன்னால் வெள்ளை, பக்கத்தில் மஞ்சள், பின்னால் சிவப்பு என்பதுதான் விதி. விளக்குக்குச் செலவழித்துவிட்டு டேப்பை விட்டுவிடுவது சரியல்ல.

சோதித்துப் பாருங்கள்

உச்சிவெயிலில் ஒருமுறை, நன்றாக இருட்டியபின் ஒருமுறை, வண்டியை வேலை செய்யும் நிலையில் நிறுத்தி, அதாவது பெட்டியைத் தூக்கி, கையை நீட்டி, சுமையை ஏற்றி வைத்துவிட்டு, சுற்றிலும் நூறு மீட்டர் தள்ளி நடந்து பாருங்கள். பகலில் எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு விளக்காவது தெரிய வேண்டும். நெடுஞ்சாலை வண்டியென்றால் வாகனம் வரும் பக்கத்தில் 200 மீட்டர்வரை போய்ப் பார்க்க வேண்டும். இரவில், வண்டிக்குப் பக்கத்தில் ஒருவரை நிற்கச் சொல்லி, விளக்கு மின்னும்போதும் அவர் உருவம் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியவில்லையென்றால் வெளிச்சம் அதிகம். இரவு அளவுக்கு மாற்றுங்கள், அல்லது ஒரு விளக்கை அணையுங்கள்.

எஃப்.எம். ரேடியோவையோ வாக்கி டாக்கியையோ போட்டுக் கேளுங்கள். மலிவான எல்.இ.டி. விளக்குகள் சில கரகரவென்று இரைச்சல் தரும். கிரேன் ஓட்டுநர் வாக்கி டாக்கியை நம்பித்தான் சுமை தூக்குகிறார் என்பதால், இரைச்சல் தரும் விளக்கைத் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். ரசீதை அதுவரை பத்திரமாக வைத்திருங்கள்.

அதன்பின் வாரம் ஒருமுறை துடைப்பது, மழைக்காலத்துக்கு முன் ரப்பர் வாஷரைப் பார்ப்பது, மூடி வெயிலில் வெளுத்துவிட்டால் மாற்றுவது, இவ்வளவுதான் பராமரிப்பு. வண்டியின் கோப்பில் விளக்கின் மாடல், ஃபியூஸ் அளவு, வயர் நிறம், பொருத்திய தேதி ஆகியவற்றை எழுதி வையுங்கள். இரவில் நடுவழியில் விளக்கு அணைந்துபோனால், வரும் எலக்ட்ரீஷியன் முதலில் கேட்பது இவற்றைத்தான்.